காக்காப்பொன் தகட்டுல ஒரு கல்யாண ஊர்வலம்: ஜார்ஜ்டவுன் ஃபிரேம் கடையில நடந்தது

பின்னணி

மலேசியாவுல, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல படத்துக்கு ஃபிரேம் போடுற கடை வச்சிருக்கேன், எங்கப்பா ஆரம்பிச்சது, லெபோ பாசார் தெருவுலேருந்து நடந்தே வந்துடலாம். சாமி படம், காலமானவங்க படம், பட்டமளிப்பு ஃபோட்டோ, இதுதான் தினசரி வேலை. பழைய படம் எப்பவாவது வரும். கொஞ்ச வருஷமா பழைய காகிதத்த எப்படிப் பாதுகாக்கறதுன்னு கத்துக்கிட்டு வர்றேன், வகுப்புக்கும் போயிருக்கேன், ஆனா நான் கன்சர்வேட்டர், அதாவது பழைய ஓவியத்தப் பாதுகாக்கற நிபுணர், இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல நடந்த தப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடி மாசம் ஒரு தம்பி ஒரு படத்தத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்தாரு. ஆவணியில அவருக்குக் கல்யாணம், அஞ்சு வாரம்தான் இருக்கு. பாட்டியோட பழைய படம், தாத்தாவோட தாத்தா கல்யாண ஊர்வலம், பினாங்குலயே வரைஞ்சதுன்னு வீட்டுல சொல்லுவாங்க, அத சுத்தம் பண்ணி புது ஃபிரேம் போட்டு ரிசப்ஷன்ல வாசல்ல வைக்கணும், பெருசா பிரிண்ட் போட்டு மேடைக்குப் பின்னாடியும் மாட்டணும்னு கேட்டாரு. பேர் எதுவும் எழுதல, அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.

முதல் நாள் பார்த்தது

ரெண்டு உள்ளங்கைய சேர்த்து வச்சா எவ்வளவோ அவ்வளவுதான் படம். மரச்சட்டம் பழசு, முன்னாடி இருந்த கண்ணாடி எப்பவோ ஒடஞ்சு போய் எடுத்துட்டாங்களாம், படம் வெறும அட்டை மேல ஓரத்துல பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. மேல நாலு தலைமுறை சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும்.

ஆனா அந்தப் பிசுக்குக்குக் கீழ இருந்தது அவ்வளவு அழகு. முன்னால ஒருத்தர் வளைஞ்ச கொம்பு ஊதிட்டுப் போறாரு, அடுத்து நாதஸ்வரம், தவில், தாளம். அப்புறம் நாலு தீவட்டிக்காரங்க. நடுவுல வெள்ளைக் குதிரை மேல மாப்பிள்ளை, மேல குடை பிடிச்சிருக்காங்க, பின்னாடி மூடுபல்லக்கு ஒண்ணு, தட்டு ஏந்துன பொம்பளைங்க. வானம் இல்ல, வீடு இல்ல, தெரு இல்ல, காலுக்குக் கீழ மெல்லிசா ஒரு பச்சைக் கோடு, அதுதான் தரை, மத்ததெல்லாம் வெறுமை. தீவட்டிக்காரங்கள்ல மூணாவது ஆளு சிவப்புத் தலைப்பா கட்டியிருந்தாரு, வலது கையில தீவட்டி, இடது கையில மூக்கு வச்ச சின்னச் சொம்பு, தீவட்டிக்கு எண்ணெய் ஊத்தறதுக்கு. அந்தச் சொம்பு ஒரு அரிசி அளவுதான் இருக்கும், அதுலயும் விளிம்புல ஒரு மஞ்சள் புள்ளி வச்சு வெளிச்சம் காட்டியிருந்தாரு வரைஞ்சவரு.

நான் பார்த்த உடனே கண்ணாடி ஓவியம்னு முடிவு பண்ணிட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் கண்ணாடிக்குப் பின்பக்கம் வரையற வழக்கம் உண்டு, பினாங்குல சீன வீடுகள்லயும் அந்த மாதிரி படம் பார்த்திருக்கேன். கண்ணாடி ஓவியத்துல சாயம் பின்னால இருக்கும், நாம பார்க்கறது கண்ணாடியோட முன்பக்கம், அதனால முன்பக்கத்த லேசா ஈரப் பஞ்சால துடைக்கலாம், சாயத்துக்கு ஒண்ணும் ஆகாது. இந்தப் பளபளப்பும் அந்த மாதிரியே இருந்துச்சு.

சந்தேகப்பட வேண்டிய விஷயம் மூணு என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. ஓரத்துல ஒரு மூலை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருந்துச்சு, கண்ணாடி அப்படிப் பிரியாது. லைட்ட பக்கவாட்டுல பிடிச்சா குதிரையோட கடிவாளம் கொஞ்சம் மேடா தெரிஞ்சுது, அதாவது சாயம் முன்பக்கம் இருக்கு. எடையும் இல்ல. மூணையும் பார்த்தேன், மூணையும் சேர்த்து யோசிக்கல.

துடைச்சது

ரெண்டாவது நாள் காலையில காட்டன் பட்ஸ காய்ச்சி வடிச்ச தண்ணியில நனைச்சு, நல்லா பிழிஞ்சு, மூலையில வெறும் இடத்துல ஒரு தடவ உருட்டிப் பார்த்தேன், பழுப்புப் பிசுக்கு வந்துச்சு, சாயம் எதுவும் வரல. அங்க சாயமே இல்லங்கறத நான் நெனச்சுப் பார்க்கல. அடுத்து தீவட்டிக்காரங்க பக்கம் வந்தேன். ஒரே உருட்டுதான். பஞ்சு ரோஸ் கலராச்சு. கைய எடுத்துப் பார்த்தா மூணாவது ஆளோட தலைப்பா இருந்த இடத்துல பின்னால இருக்கற அட்டை தெரியுது, முகம் இருக்கு, நெத்தி இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

அன்னைக்கு எனக்கு வேற வேலை ஓடல.

ஏன் அப்படி ஆச்சுன்னு இப்ப தெளிவா சொல்ல முடியும். அது கண்ணாடி இல்ல, அபிரகத் தகடு, மைக்கான்னு சொல்றோமே அது. கல்லுலேருந்து ஏடு ஏடா உரிச்செடுக்கற தகடு, கண்ணாடி மாதிரியே ஒளி விடும். அதுல கோந்து கலந்த சாயத்தால முன்பக்கமே வரைவாங்க. காகிதத்துல வரைஞ்சா சாயம் கொஞ்சமாவது உள்ள ஊறிப் பிடிச்சுக்கும், அபிரகத்துல எதுவும் ஊறாது, சாயம் சும்மா மேல உக்காந்திருக்கும், தகடு கொஞ்சம் வளைஞ்சாலே செதில் செதிலா எழும்பும், தண்ணி பட்டா கோந்து கரைஞ்சு கையோட வந்துடும். நான் செஞ்சது அதத்தான்.

சொல்றதா வேணாமா

என்கிட்ட சாயம் இருக்கு, கையும் ஓரளவு ஓடும். தலைப்பா ஒரு மிளகு அளவு இடம். சிவப்பு வச்சு மூடியிருந்தா அந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் அப்ப நெனச்சேன், அந்த நெனப்பு ஒரு பத்து நிமிஷம் இருந்துச்சு, மறைக்காம எழுதுறேன். கல்யாணம் முடிஞ்சு சொல்லலாமான்னும் தோணுச்சு, நல்ல காரியம் நடக்கப் போற வீடு, ஏன் இப்ப மனசக் கஷ்டப்படுத்தணும்னு.

ரெண்டையும் விட்டுட்டேன். நான் வச்ச சிவப்ப நாளைக்கு ஒருத்தர் வந்து 150 வருஷத்துச் சிவப்புன்னு நம்பிப் பார்ப்பாரு, அது படத்தக் கெடுத்ததவிட மோசம். கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னா அதுவரைக்கும் அவங்க எடுக்கற எல்லா முடிவும் தெரியாம எடுத்த முடிவா ஆயிடும், பெருசா பிரிண்ட் போடறது உட்பட. ஃபோன்ல சொல்ற விஷயமும் இல்ல. அதனால சாயங்காலமே ஆயர் ஈத்தாம்ல அவங்க ஃப்ளாட்டுக்குப் போனேன், படத்தத் தொடாம கடையிலயே தட்டையா வச்சுட்டு, ஃபோன்ல எடுத்த படத்தோட, அந்தப் பஞ்சையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துக்கிட்டு.

பாட்டி சொன்னது

தம்பியோட அப்பாவுக்கு ரொம்பக் கோவம். நியாயமான கோவம், நான் எதுவும் பேசல. பாட்டி மட்டும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எந்த ஆளுப்பா?"ன்னு கேட்டாங்க.

"தீவட்டிக்காரர் பாட்டி."

"மூணாவதா நிக்கிறவனா? எண்ணெய்ச் சொம்பு வச்சிருப்பானே?"

அவங்களுக்கு அந்தப் படத்துல இருக்கற ஒவ்வொரு ஆளும் தெரியும். கண்ணு இப்ப சரியா தெரியாது, ஆனா யாரு யாருக்கு அடுத்து நிக்கிறாங்கன்னு வரிசையா சொல்றாங்க. நான் சிவப்பு வச்சு மூடியிருந்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேனே, பாட்டிக்குத் தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் அவங்க சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. "அது காக்காப்பொன்னு தம்பி. தண்ணி படக்கூடாதுன்னு எங்கம்மா எங்கள கிட்டயே விடமாட்டாங்க. எண்ணெய்க் கையோட தொட்டாலே அடி விழும். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஆத்து மணல்ல மினுங்குமே, அந்தக் காக்காப்பொன். அதுதான் அபிரகம். நான் கத்துக்கிட்ட வகுப்பு எல்லாத்தையும்விட ஒரே வார்த்தையில அவங்க சொல்லிட்டாங்க, படத்தக் கொண்டு வந்த பேரன்கிட்ட நான் அளவு கேட்டேன், ஃபிரேம் கலர் கேட்டேன், இந்தப் படத்த யாரு வச்சுப் பார்த்துக்கிட்டாங்க, அவங்க என்ன சொல்லுவாங்கன்னு கேக்கவே இல்ல.

பேரன அனுப்பி அலமாரியிலேருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அதுல ரெண்டாவது தகடு ஒண்ணு, ஒட்டாம, பழைய காகிதத்துல மடிச்சு வச்சிருந்தாங்க. அது பொண்ணு வந்து இறங்கற காட்சி. வாழைமரம் கட்டின பந்தல், பல்லக்க இறக்கி வச்சிருக்காங்க, திரைய விலக்கிப் பொண்ணு ஒரு கால மட்டும் வெளிய வச்சிருக்கு, தலை குனிஞ்சு, எதிர்ல ரெண்டு பேர் ஆலாத்தித் தட்டோட. இது புகை படாம டின்லயே இருந்ததால நிறமெல்லாம் நேத்து வரைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஓரத்தப் பார்த்தேன், ஏடு ஏடா தெரிஞ்சுது. கையில எடுக்கல, காகிதத்தோடயே பார்த்தேன்.

அந்தக் காகிதத்துல பழுப்பு மையில இங்கிலீஷ்ல கூட்டெழுத்து, 'மேரேஜ் புரொசெஷன்'னு எழுதி 7, 8ன்னு ரெண்டு நம்பர் போட்டிருந்துச்சு.

கோலாலம்பூருக்குக் கொண்டு போனது

மறுநாளே கோலாலம்பூர்ல காகிதமும் ஓவியமும் பாதுகாக்கற வேலை செய்யற ஒரு அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல படம் அனுப்பினேன். பத்து நிமிஷத்துல ஃபோன் வந்துச்சு. முதல்ல சொன்னது, இனிமே எதுவும் செய்யாதீங்க. தட்டையா வைங்க, மேல பிளாஸ்டிக் மூடாதீங்க, டேப் போடாதீங்க, ஏர்கோன பகல்ல போட்டு ராத்திரி நிறுத்தாதீங்க. இந்த ஊர் ஈரப்பதம் சாதாரணமாவே 80 சதவீதத்தத் தொடும், ஏர்கோன் போட்டா இறங்கும், நிறுத்தினா ஏறும், அட்டையும் பசையும் அந்த ஏத்த இறக்கத்துல விரியும் சுருங்கும், அபிரகம் அப்படி ஆகாது, அப்ப நடுவுல மாட்டிக்கிட்ட சாயம்தான் உதிரும்.

கூரியர்ல அனுப்பல, பஸ்ஸுலயும் இல்ல. சுமார் 350 கிலோமீட்டர், கார்ல நானே கொண்டு போனேன், ஆழமான தட்டுல தகடு எதுவும் மேல படாத மாதிரி வச்சு, பக்கத்து சீட்டுல தம்பி மடியில. வண்டிய எண்பதுக்கு மேல ஓட்டல. செலவு என்னோடது, அதுல பேச்சே இல்ல.

அந்தம்மா பூதக்கண்ணாடியில பார்த்து, எழும்பியிருந்த செதில் ஒவ்வொண்ணுக்கும் அடியில மெல்லிசான பசைய ரொம்பச் சின்ன பிரஷ்ஷால விட்டு உக்கார வச்சாங்க. ரெண்டு தகட்டுக்கும் சேர்த்து மூணு வாரம் ஆச்சு. ஒட்டியிருந்த அட்டையப் பிரிக்கல, பிரிச்சா தகடு ஒடையற ஆபத்து அதிகம்னு விட்டுட்டாங்க. பிசுக்கையும் பூராவா எடுக்கல, காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால வந்த தூசு மட்டும்.

தலைப்பா விஷயத்துல தம்பியோட அப்பா, "நீங்க கெட்டிக்காரங்கதானே, சிவப்பு வச்சுடுங்க"ன்னு கேட்டாரு. அவங்க மறுத்துட்டாங்க, தகட்டு மேல புதுசா வைக்கற சாயத்த பின்னால எடுக்கணும்னா பக்கத்துல இருக்கற பழசும் சேர்ந்து வந்துடும்னு காரணம் சொன்னாங்க. அப்பா என்னப் பார்த்தாரு. நானும் அதையேதான் சொன்னேன், சொல்றதுக்கு எனக்கு வாய் கூசுச்சு, ஆனாலும் சொன்னேன். கடைசியில பாட்டிகிட்ட கேட்டாங்க. "இருக்கறபடியே இருக்கட்டும்"னுட்டாங்க.

யாரோட கல்யாணம்

வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு பிரச்சனை. ரிசப்ஷன்ல வைக்கற படத்துக்குக் கீழ என்ன எழுதறது? தம்பியோட பெரியப்பா ஏற்கனவே வாசகம் தயார் பண்ணிட்டாரு, 'எங்கள் முப்பாட்டனார் திருமண ஊர்வலம், பினாங்கு'ன்னு, ஒரு வருஷமும் போட்டு.

அந்தம்மா சொன்னது வேற. இது திருச்சிராப்பள்ளிப் பக்கத்து வேலை, 19ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்துல திருச்சியில வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்துச்சு, அவங்க வாங்கறதுக்குன்னே தஞ்சாவூர் திருச்சி ஓவியருங்க அபிரகத்துலயும் காகிதத்துலயும் படம் வரைஞ்சாங்க, கம்பெனி ஓவியம்னு சொல்றது அதத்தான். கொல்லன், தச்சன், வண்ணான், சிப்பாய், சாமி, திருவிழா, கல்யாண ஊர்வலம்னு செட்டு செட்டா நம்பர் போட்டு விப்பாங்க, அளவும் சின்னது, எடையும் இல்ல, ஊருக்குக் கொண்டு போகச் சுலபம். ஃபோட்டோ பரவின பிறகு அந்த வேலை படிப்படியா நின்னு போச்சு. லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துலயும் பிரிட்டிஷ் மியூசியத்துலயும் இந்த மாதிரி தகடு இருக்கு, ஆன்லைன்ல யாரும் பார்க்கலாம். நானும் உக்காந்து பார்த்தேன், அதே வெறும் பின்னணி, அதே பச்சைத் தரை. 7, 8 நம்பரும் இங்கிலீஷ் தலைப்பும் இதுக்கு ஒத்து வருது. அப்போ குதிரை மேல இருக்கற மாப்பிள்ளை யாரோ ஒரு மாப்பிள்ளை, பேர் இல்லாத மாப்பிள்ளை.

பினாங்குக்கு இது வந்ததுல ஆச்சரியம் இல்ல. 1867 வரைக்கும் இந்த ஊர் இந்தியாவுலேருந்துதான் ஆளப்பட்டுச்சு, மெட்ராஸ் பட்டாளம் இங்க காவல் இருந்துச்சு, நாகப்பட்டினத்துக்கும் இங்கயும் கப்பல் போக்குவரத்து இருந்துச்சு. ஆனா வந்ததுங்கறது வேற, இங்கயே வரைஞ்சதுங்கறது வேற.

பெரியப்பாவுக்கு இத ஏத்துக்க முடியல. "எங்க வீட்டுக் கதைய மியூசியத்துக்காரன் வந்து சொல்லணுமா"ன்னு கேட்டாரு, அதுல இருக்கற வலி எனக்குப் புரிஞ்சுது, தோட்டத்துலயும் துறைமுகத்துலயும் பொழப்பத் தேடி வந்த குடும்பத்துக்கு முன்னோர் முகம்னு ஒண்ணு கிடைக்கறது சின்ன விஷயமில்ல. இந்தத் தடவ நான் யார்கிட்டயும் வாதாடல. பாட்டிகிட்ட போய், "உங்கம்மா இந்தப் படத்தக் காட்டி என்ன சொல்லுவாங்க பாட்டி, அவங்க சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க"ன்னு கேட்டேன்.

பாட்டி யோசிச்சு சொன்னாங்க. "எங்க தாத்தான்னு எங்கம்மா சொல்லல. ராத்திரியில படத்த மடியில வச்சுக்கிட்டு, 'இந்த மாதிரிதான்டி எங்கம்மா கல்யாணம் நடந்துச்சாம், இந்த மாதிரிதான் தீவட்டி, இந்த மாதிரிதான் மேளம்'னு சொல்லுவாங்க. குதிரை கிடையாது, குதிரைக்கு எங்க போறது, மாட்டு வண்டிதான்னு சொல்லி சிரிப்பாங்க."

பெரியப்பா அப்புறம் ஒண்ணும் சொல்லல. 'இந்த மாதிரி'ங்கறதுல 'மாதிரி' எங்கயோ ஒரு தலைமுறையில விட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லல.

கடைசியா எழுதினது இதுதான்: 'கல்யாண ஊர்வலமும் பெண் அழைப்பும். திருச்சிப் பக்கத்து வேலை, 19ஆம் நூற்றாண்டு, காக்காப்பொன் தகட்டில் வரைந்தது. ஐந்து தலைமுறையாக இந்த வீட்டில் இருக்கிறது. இந்த மாதிரிதான் எங்கள் பாட்டியின் பாட்டி கல்யாணம் நடந்ததாம்.' கடைசி வரிய பெரியப்பாதான் சேர்க்கச் சொன்னாரு.

கல்யாணமும் அதுக்கப்புறமும்

அசல் தகட்ட ஹாலுக்குக் கொண்டு போக வேணாம்னு முடிவு பண்ணோம், அங்க கூட்டம், லைட்டு, ஏர்கோன். ஸ்கேனர்லயும் வைக்கல, கண்ணாடியில கவுத்து அழுத்தினா மிச்ச சாயமும் ஒட்டிக்கும். மேலேருந்து கேமராவால, லைட்ட ரெண்டு பக்கமும் சாய்ச்சு வச்சு, மினுக்கு விழாம எடுத்தோம். பிரிண்ட்டுல தலைப்பா இல்லாத தீவட்டிக்காரரும் அப்படியேதான் இருந்தாரு. பொண்ணு வந்து இறங்கற படத்த மேடைக்குப் பின்னாடி மாட்டினாங்க. நானும் போயிருந்தேன், ஒரு ஓரமா நின்னேன். பாட்டி வாசல்ல பிரிண்ட்டுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து வர்ற பிள்ளைங்களுக்கு ஒவ்வொரு ஆளா விரல் வச்சுக் காட்டினாங்க, மூணாவது ஆளு வந்ததும், "இவனுக்குச் சிவப்புத் தலைப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போனாங்க.

அசலுக்கு ஆழமான மவுண்ட், அதாவது படத்தச் சுத்தி வைக்கற அட்டை, வச்சு, கண்ணாடி தகட்டத் தொடாத மாதிரி ஃபிரேம் போட்டேன். அக்ரிலிக் போடல, எடை குறைச்சல்தான், ஆனா துடைக்கும்போது அதுல நிலைமின்சாரம் ஏறி எழும்பியிருக்கற சாயத்த இழுக்கும், அதனால சாதா கண்ணாடி. சாமி மேடைக்குப் பக்கத்துல மாட்டாம, வெயில் படாத உள் சுவர்ல மாட்டினோம். ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தேன், பல்லக்கு ஓரத்துல புதுசா ஒரு செதில் எழும்பியிருந்துச்சு, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைன்னு அப்பதான் கவனிச்சேன். இடம் மாத்தினோம். அதுக்கப்புறம் பார்த்தப்ப மாற்றம் இல்ல.

இப்ப மாத்தியிருக்கறது

கடையில பழைய படம் வந்தா எழுதற சீட்டுல இப்ப முதல் கேள்வி அளவு இல்ல. இத இதுவரைக்கும் வச்சிருந்தது யாரு, அவங்ககிட்ட நான் பேசலாமா. கொண்டு வர்றவங்க பெரும்பாலும் சின்னவங்க, அவங்களுக்கு அவசரம் இருக்கும், நான் ஃபோன் நம்பர் வாங்கிப் பெரியவங்ககிட்ட பேசிட்டுதான் சட்டத்தையே கழட்டுறேன். பொருள் என்னன்னு உறுதியாகாத வரைக்கும் ஈரம் படவே கூடாது, பக்கவாட்டு லைட்டுல பார்த்துட்டு ஓரத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டுக் காத்திருக்கேன். சோதிக்கணும்னா சாயம் இல்லாத மூலையில சோதிச்சுட்டு சரியா இருக்குன்னு நம்பறது கிடையாது. கல்யாணத் தேதியச் சொல்லி அவசரப்படுத்தினா, பிரிண்ட் மட்டும் போட்டுத் தர்றேன், அசல் அப்புறம்னு சொல்லிடறேன், ரெண்டு பேர் அதுக்காகவே வேற கடைக்குப் போயிட்டாங்க, பரவாயில்ல.

அந்தப் பஞ்ச எறிய வேணாம்னு கோலாலம்பூர் அம்மா சொல்லியிருந்தாங்க, அதுல இருக்கற சிவப்ப என்னைக்காவது யாராவது சோதிச்சுப் பார்க்க முடியும்னு. சின்னக் கண்ணாடிக் குப்பியில போட்டு, தேதியும், யார் கையால எப்படி வந்ததுன்னும் எழுதி, கவர்ல வச்சுப் பாட்டிகிட்ட கொடுத்தேன். அவங்க அத பிஸ்கட் டின்ல, அந்த 7, 8 எழுதின காகிதத்தோட சேர்த்து வச்சிருக்காங்க.